சீனிச் சம்பல் பணிஸ்: உள்ளே போகிற சம்பல் வேறு

இடியப்பத்தோடு தின்ன அருமையாக இருக்கிற சீனிச் சம்பலை, அதாவது வெங்காயத்தைச் சீனி, புளி, மிளகாயோடு வதக்கிய சம்பலை, அப்படியே அள்ளிப் பணிசுக்குள் (பன்) வைத்தால் நன்றாக வராது. வீட்டில் பணிஸ் சுடுகிற பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாவைக் குறை சொல்வார்கள், ஈஸ்ட்டைக் குறை சொல்வார்கள், ஓவனை மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பிழை சம்பலில்தான் இருக்கும். இடியப்பத்திலும் பாற்சோற்றிலும் இனிப்பு இல்லை. அங்கே ருசியின் பாரம் முழுவதும் சம்பலின் தலையில். அதனால் தட்டில் வைக்கிற சம்பல் எண்ணெய் மினுங்க, கொஞ்சம் ஈரமாக, சீனி தூக்கலாக இருந்தால்தான் எடுபடும். பணிஸ் மாவிலோ சீனியும் பாலும் பட்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. இனிப்பான மாவுக்குள் இனிப்பான சம்பல் போனால் காரம் அமுங்கிப் போகும், புளி காணாமல் போகும், கடைசியில் வெங்காய ஜாம் வைத்த பாண் (பிரெட்) போல ஒன்று கைக்கு வரும். ஆகவே பணிசுக்கென்று தனியாக ஒரு சம்பல் காய்ச்ச வேண்டும். சீனி குறைவாக, புளியும் உறைப்பும் ஒருபடி கூட, ஈரம் மிகக் குறைவாக. இந்தக் கட்டுரையின் பாதி அந்தச் சம்பலைப் பற்றியதுதான்.

இலங்கையில் பின்னேரத் தேநீர் நேரத்தில் எந்தப் பேக்கரிக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தாலும் முக்கோணமாக மீன் பணிஸ் இருக்கும், மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் இருக்கும், பக்கத்தில் வட்டமாகவோ நீளமாகவோ சீனிச் சம்பல் பணிஸ் இருக்கும். ஒழுங்கைகளுக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூண் பாண் முச்சக்கர வண்டியிலும் இதே வரிசைதான். இவற்றில் இனிப்பும் உறைப்பும் ஒரே கடியில் வருவது சீனிச் சம்பல் பணிசில்தான். நன்றாகச் செய்ததைக் கடித்தால் முதலில் மாவின் பால் இனிப்பு வரும், பிறகு வெங்காயத்தின் ஆழமான இனிப்பு, அதன் பின்னால் புளியும் மாசிக் கருவாட்டின் புகை மணமும், எல்லாவற்றுக்கும் கடைசியாக நாக்கின் பின்பக்கத்தில் மிளகாய். இந்த ஒழுங்கு கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சம்பலுக்கு வருவோம்.

12 பணிசுக்கு ஏறத்தாழ 480 கிராம் சம்பல் வேண்டும், ஒன்றுக்கு 40 கிராம் கணக்கு. அதற்கு 1 கிலோ பெரிய வெங்காயம் வாங்கினால் தோல் போக 900 கிராம் தேறும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஆகவே வதங்கி முடியும்போது அது 350 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். 200 கிராம் அளவுக்குச் சின்ன வெங்காயத்தை மாற்றிப் போட்டால் ருசி இன்னும் செறிவாகும். தோல் உரிக்கப் பொறுமை இருந்தால் செய்யலாம். இதோடு தேங்காய் எண்ணெய் 90 மில்லி, சீனி 30 கிராம், பழப்புளி 25 கிராம், கட்டைத்தூள் (கொரகொரப்பாக இடித்த செத்தல் மிளகாய்) இரண்டரை மேசைக்கரண்டி, நிறத்துக்கு மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, இடித்த மாசி 40 கிராம், உப்பு 7 கிராம், கறிவேப்பிலை 2 நெட்டு, ரம்பை இலை ஒரு விரல் நீளம், கறுவா (பட்டை) ஒரு துண்டு, ஏலக்காய் 4, கராம்பு 4. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இதே அளவு வெங்காயத்துக்குத் தட்டில் வைக்கிற சம்பல் என்றால் 50 கிராம் சீனியும் 20 கிராம் புளியும் போதும்.

வெங்காயத்தை வெட்டுவதில் ஒரு விடயம் இருக்கிறது. வழக்கமாகச் சீனிச் சம்பலுக்கு நுனியிலிருந்து அடி நோக்கி நீள நீளமாகச் சீவுவோம். தட்டில் அது அழகு. பணிசுக்குள் அது தொல்லை: கடித்து இழுக்கும்போது நீளமான வெங்காயம் முழுதாக உருவிக்கொண்டு வந்துவிடும், மீதிப் பணிஸ் வெறுமையாகிவிடும். அதனால் வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் குறுக்கே ஒருமுறை வெட்டி, அதன் பிறகு 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பில் நீளவாக்கில் சீவ வேண்டும். விரலின் ஒரு கணு அளவுக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது. பொடியாக அரிந்தாலும் சரிவராது. குழைந்து பசையாகிவிடும், பல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அகலமான தாச்சியாக எடுங்கள். குறுகலான பாத்திரத்தில் வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கும், நிறம் ஏறாது. எண்ணெய் காய்ந்ததும் கறுவா, ஏலக்காய், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை போட்டு, மணம் வந்தவுடன் வெங்காயத்தையும் உப்பையும் சேர்த்துப் பிரட்டுங்கள். உப்பு தொடக்கத்திலேயே போக வேண்டும், அது தண்ணீரை வெளியே இழுக்கும். முதல் 10 நிமிடம் மூடி வைக்கலாம். அதன் பிறகு மூடியை மறந்துவிட்டு, மிதமான தீயை விடக் கொஞ்சம் குறைந்த தீயில் 40 நிமிடம், 50 நிமிடம் விட வேண்டும். தொடக்கத்தில் அவ்வப்போது கிளறினால் போதும், கடைசிப் பதினைந்து நிமிடம் அடுப்படியை விட்டு நகர முடியாது. ஓரத்தில் பிடிக்கிற பழுப்பை ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்துவிடுங்கள். நிறமும் ருசியும் அந்தப் பழுப்பில்தான் இருக்கின்றன.

தீயைக் கூட்டி இருபது நிமிடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு விளிம்பு கருகி நடு வெளுத்த வெங்காயம்தான் கிடைக்கும். கருகலின் கசப்பை மறைக்கச் சீனியைக் கூட்ட வேண்டிவரும், அதோடு எல்லாச் சமநிலையும் போய்விடும். வெங்காயத்தின் சொந்த இனிப்பு வெளிவர நேரம் கொடுத்தால்தான் 30 கிராம் சீனியோடு நிறுத்த முடியும்.

எது எப்போது போக வேண்டும் என்பதை மாற்றவே கூடாது. புளியை முதலிலேயே ஊற்றினால் வெங்காயம் இளகாது, புளிப்பு அதன் நாரை இறுக வைத்துவிடும். நிறம் ஏறுவதும் தாமதமாகும். சீனியை முதலிலேயே போட்டால் வெங்காயம் வதங்குவதற்குள் சீனி அடிப்பிடிக்கும். மிளகாயை முதலிலேயே போட்டால் முக்கால் மணித்தியாலம் எண்ணெயில் கிடந்து கறுத்துக் கசக்கும். ஆகவே வெங்காயம் தேன் நிறத்தைத் தாண்டிச் செம்பழுப்புக்கு வரும்வரை வேறெதுவும் சேர்க்காமல் காத்திருங்கள். வந்ததும் அதைத் தாச்சியின் ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் தேங்கும் எண்ணெயில் மாசியைப் போட்டு ஒரு நிமிடம் பொரியவிட்டு, கட்டைத்தூளையும் மிளகாய்த்தூளையும் அதே எண்ணெயில் அரை நிமிடம் மட்டும் பிரட்டி எல்லாவற்றையும் கலக்குங்கள். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டால் உறைப்பு அங்கங்கே புள்ளியாக இருக்கும், சம்பல் முழுக்கப் பரவாது.

பிறகு 60 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கட்டியாகக் கரைத்த புளி. அது முற்றாக வற்றிய பிறகு கடைசியாகச் சீனி. சீனி கரைந்ததும் சம்பல் ஒருமுறை இளகும். பயப்பட வேண்டாம், இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் திரும்பவும் இறுகி மினுமினுப்பாகும். சிலர் இந்தக் கட்டத்தில் கட்டித் தேங்காய்ப்பால் விடுவார்கள். தட்டுக்கு அது நல்லது. பணிசுக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பால் சேர்த்த சம்பலை எவ்வளவு வற்ற வைத்தாலும் அது மென்மையாகவே இருக்கும், புளியின் கூர்மையையும் மழுக்கிவிடும்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்கக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது, எண்ணெய் மினுக்கம் ஏமாற்றும். அகப்பையால் தாச்சியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் சரி, இரு பக்கமும் சரிந்து மூடினால் இன்னும் வற்ற வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி சம்பலைச் சமையல் தாளில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை மட்டும் படர்ந்திருக்க வேண்டும். அதைச் சுற்றித் தண்ணீர் வளையம் ஒன்று தெரிந்தால் அந்தத் தண்ணீர்தான் நாளைக்குப் பணிசின் அடியைக் களியாக்கப் போகிறது.

அடுப்பை அணைத்ததும் கறுவா, ரம்பை, ஏலக்காய், கராம்பு எல்லாவற்றையும் தேடி வெளியே எடுங்கள். தட்டில் இருக்கும்போது தின்பவர் பார்த்து ஒதுக்குவார். பணிசுக்குள் இருக்கிற கராம்பைப் பார்க்க வழியில்லை, அது நேராகப் பல்லில் அகப்படும். எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பதுதான் வழி, அல்லது ரம்பை தவிர மற்ற மூன்றையும் பொடித்து முக்கால் தேக்கரண்டி அளவாகக் கடைசியில் தூவிவிடலாம். கறிவேப்பிலை மொறுமொறுப்பாக இருந்தால் கையால் நொறுக்கி உள்ளேயே விட்டுவிடுங்கள்.

பிறகு சம்பலை வடிதட்டில் கால் மணித்தியாலம் வையுங்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிவந்த எண்ணெய் இறங்கும். முட்டை பொரிக்க இதைவிட நல்ல எண்ணெய் கிடையாது, எறிந்துவிடாதீர்கள். வடிக்காமல் வைத்தால் எண்ணெய் மாவின் விளிம்பில் பட்டு, ஒட்டவேண்டிய இடம் ஒட்டாமல் போகும்.

ருசி பார்ப்பதும் ஆறிய பிறகுதான். சூடாக இருக்கையில் இனிப்பும் உறைப்பும் இரண்டுமே கூடுதலாகத் தெரியும். பணிசை யாரும் கொதிக்கக் கொதிக்கத் தின்பதில்லை. ஆறிய சம்பலை ஒரு துண்டு இனிப்புப் பாணோடு சேர்த்து வாயில் போட்டுப் பாருங்கள். தனியாகத் தின்னும்போது 'கொஞ்சம் புளித்து உறைக்கிறதே' என்று தோன்றுகிற சம்பல்தான் பாணோடு சேரும்போது சரியாக நிற்கும்.

மாசி பற்றியும் ஒரு சொல். மாலைதீவிலிருந்து வரும் இந்தச் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் மரக்கட்டை போலாகும்வரை காயவைக்கிறார்கள். உரலில் இடித்து உடைந்த மிளகு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தூளாக்கிவிட்டால் அது சம்பலைப் பசையாக்கும், கடிக்கும்போது ஒன்றும் தட்டுப்படாது. மரக்கறி வீடுகளில் மாசியை விட்டுவிட்டு, சின்ன வெங்காயத்தைப் பாதிக்குப் பாதியாக்கி, உப்பை ஒரு சிட்டிகை கூட்டினால் நல்ல சம்பல் வரும். புகை மணம் இருக்காது, அவ்வளவுதான். அதற்கு ஈடாக வேறெதையும் திணிக்க வேண்டியதில்லை.

இனி மா.

வெள்ளைக் கோதுமை மா 500 கிராம், பால் 270 கிராம், முட்டை 1, சீனி 50 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 50 கிராம், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம். மாப் பைக்கற்றின் பின்பக்கம் புரதம் 100 கிராமுக்கு 11 முதல் 12 கிராம் என்றிருந்தால் இந்த அளவு பொருந்தும். தமிழ்நாட்டில் மைதாவில் செய்கிறவர்கள் பாலை 250 கிராமாகக் குறையுங்கள். மைதாவில் புரதம் பொதுவாகக் குறைவு, அவ்வளவு பாலைத் தாங்காமல் மா தளர்ந்து பரவும்.

சீனி மாவின் எடையில் பத்தில் ஒன்று. இதற்கு மேல் போகாதீர்கள். மிகுதியான சீனி ஈஸ்ட்டிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கி அதன் வேகத்தைக் குறைக்கும், ஓவனில் உள்ளே வேகுமுன் மேற்புறம் கறுக்கும். இதைவிட முக்கியமான காரணம் மேலே சொன்னதுதான், சம்பலுக்கு இடம் விடவேண்டும். இதே காரணத்தால் மாவுக்குள் கறுவாத்தூள் போடுகிற யோசனையும் வேண்டாம். கறுவா ஈஸ்ட்டை அடக்கும், மா உப்பச் சோம்பும். வாசனை எல்லாம் சம்பலோடு இருக்கட்டும்.

நமது வெக்கையில் பாலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஊற்றுங்கள். 'வெதுவெதுப்பான பால்' என்று குளிர்நாட்டுக் குறிப்புகளில் எழுதியிருப்பது அந்த நாட்டுச் சமையலறைக்கு. 31, 32 பாகை (செல்சியஸ்) வெப்பமுள்ள அறையில் வெதுவெதுப்பான பால் ஊற்றிப் பிசைந்தால், பிசைகிற உராய்வும் சேர்ந்து மா 30 பாகையைத் தாண்டிவிடும். பட்டர் கசியும், மா கையில் ஒட்டும், அரை மணித்தியாலத்தில் ஒரேயடியாக உப்பிப் புளித்த மணம் வரும். பிசைந்து முடித்த மா 26, 27 பாகையில் இருக்க வேண்டும்.

பட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்து 5 நிமிடம் பிசைந்து, 10 நிமிடம் சும்மா விட்டுவிட்டு, அதற்குப் பிறகு பட்டரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பட்டர் முதலிலேயே போனால் மாவின் புரதம் பிணைய விடாது. கையால் என்றால் மொத்தம் கால் மணித்தியாலத்துக்கு மேல் பிசைய வேண்டும், இயந்திரத்தில் 10 நிமிடம். ஒரு நெல்லி அளவு மாவைக் கிள்ளி மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் சவ்வாக வர வேண்டும். உள்ளே ஒன்றும் வைக்காத பணிசுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசைந்தாலும் பரவாயில்லை. உள்ளே 40 கிராம் சம்பலைச் சுமந்துகொண்டு இழுபட்டு உப்பவேண்டிய மா கிழியக் கூடாது.

மூடி வையுங்கள். வெக்கை நாளில் 45 நிமிடம், மழை நாளில் 70 நிமிடம், இருமடங்கு ஆகும்வரை. மாத்தூளில் தோய்த்த விரலால் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும்.

சுருட்டி மூடுவது கையின் வேலை, இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாவை 75 கிராமாக நிறுத்து 12 துண்டாக்கி, உருட்டி, ஈரத்துணியால் மூடி 10 நிமிடம் இளைப்பாற விடுங்கள். இளைப்பாறாத மா தட்டையாக்கினாலும் திரும்பச் சுருங்கும். சம்பலையும் அதற்குள் 40 கிராம் உருண்டைகளாகப் பிடித்து வைத்துவிடுங்கள். முதல் நாளே காய்ச்சிக் குளிரில் வைத்த சம்பல் இறுகி நன்றாக உருண்டை பிடிக்கும். ஆனால் குளிர்ந்தபடியே மாவுக்குள் வைக்க வேண்டாம். சம்பலைத் தொட்டுக்கொண்டிருக்கிற மா குளிர்ந்து உப்பாமல் கிடக்கும், வெளிப்பக்கம் உப்பிவிடும், வெந்தபின் சம்பலைச் சுற்றிக் களி போன்ற ஒரு வளையம் இருக்கும். அரை மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சூடான சம்பலும் ஆகாது. பட்டரை உருக்கி மாவைத் தளர்த்திவிடும்.

உருண்டையைத் தட்டையாக்கும்போது நடுப்பகுதியைத் தொடாமல் விளிம்பை மட்டும் விரல்களால் அழுத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். 10, 11 சென்ரிமீற்றர் வட்டம், நடு தடிப்பாக, விளிம்பு அதில் பாதித் தடிப்பாக. உருளைக் கட்டையால் சமமாகத் தேய்த்தால் இது வராது. இதன் காரணம் மூடும்போது தெரியும்: விளிம்புகள் எல்லாம் ஒரே இடத்தில் மடிந்து சேர்கின்றன. எல்லாம் சமத் தடிப்பென்றால் அடியில் வெறும் மாக் கட்டி ஒன்று சேர்ந்து, மேலே மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். வெட்டிப் பார்த்தால் சம்பல் மேற்கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வட்டத்தை உள்ளங்கையில் வைத்து, நடுவில் சம்பல் உருண்டையை வைத்து, பெருவிரலால் சம்பலைக் கீழே அமுக்கிக்கொண்டே மற்றக் கையால் விளிம்பைக் கொசுவிக் கொசுவி மேலே கொண்டுவாருங்கள். அமுக்குவது முக்கியம். சம்பலுக்கும் மாவுக்கும் இடையில் அகப்படுகிற காற்று ஓவனில் விரிந்து பெரிய பொந்தாகும். எல்லா விளிம்பும் சேர்ந்ததும் இறுகக் கிள்ளி, கிள்ளிய முனையை ஒருமுறை திருகி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள். விளிம்பில் மாத்தூள் இருந்தால் ஒட்டாது, எண்ணெய் பட்டாலும் ஒட்டாது. பக்கத்தில் ஈரத்துணி ஒன்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பணிசுக்கும் விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் எண்ணெய் பட்டுவிட்டால் துடைத்து, ஒரு துளி தண்ணீர் தொட்டுக் கிள்ளுங்கள்.

முக்கோணமாக மடிப்பது சுலபம் என்றாலும் அது மீன் பணிசின் அடையாளம். அலுமாரியில் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வடிவமே. இங்கே சீனிச் சம்பல் பணிசை வட்டமாகவே விடுவோம்.

இரண்டாம் முறை உப்ப 35 முதல் 45 நிமிடம். பக்கத்தில் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக மீண்டு கொஞ்சம் மிச்சம் நிற்க வேண்டும். உடனே குதித்து மீண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. அப்படியே ஓவனுக்குள் போனால் பக்கவாட்டில் வெடித்துச் சம்பல் எட்டிப் பார்க்கும். குழி மீளவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. வெந்து ஆறும்போது மேற்புறம் சுருக்கம் விழும். சம்பல் வைத்த பணிஸ் பார்வைக்கு வெறும் பணிசை விடச் சின்னதாக, கனமாகத் தெரியும், அதனால் பலர் தேவைக்கு மேல் காத்திருந்துவிடுகிறார்கள். கண்ணை விட விரலை நம்புங்கள்.

பேக்கரிப் பணிசின் அந்த ஆழ்ந்த செம்பழுப்பு மினுக்கம் முட்டைப் பூச்சை இரண்டு தரம் பூசுவதால் வருவது. ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு அடித்து வடித்து 10 நிமிடம் வையுங்கள். உப்பு வெள்ளைக் கருவின் இழைகளைத் தளர்த்தும், தூரிகையில் திட்டுத் திட்டாக வராது. உப்ப வைத்த 10 நிமிடத்தில் ஒருமுறை மெல்லப் பூசி, ஓவனுக்குள் போகுமுன் இன்னொருமுறை. அடியில் வழிந்து தட்டோடு தேங்கினால் பணிஸ் தட்டில் ஒட்டிக்கொண்டு உப்ப முடியாமல் இழுபடும். இரண்டாவது பூச்சுக்குப் பிறகு பற்குச்சியால் உச்சியில் இரண்டு துளை, சம்பல்வரை போகும்படி. நீராவி போக வழி வேண்டும்.

ஓவன் 190 பாகை, நடுத்தட்டு, 16 முதல் 18 நிமிடம். காற்றாடி ஓடுகிற ஓவனில் 175. சின்ன மேசை ஓவன்களில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் 180 வைத்துக் கீழ்த்தட்டில் சுடுவது நல்லது. கீழ் வெப்பம் போதாத ஓவன் என்றால் வெறும் தட்டு ஒன்றை முன்கூட்டியே உள்ளே சூடாக்கி, பணிஸ் தட்டை அதன்மேல் வையுங்கள். சம்பலுக்குக் கீழே இருக்கும் மடிப்புதான் கடைசியாக வேகும் இடம். மேற்புறம் சிவந்துவிட்டது என்பதற்காக எடுக்கக் கூடாது. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடியும் பொன்பழுப்பாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் சம்பலைத் தொடாமல் பக்கத்து மாவில் குத்துங்கள், 90 பாகை காட்டினால் வெந்துவிட்டது. விறகுப் போறணையில் (பேக்கரி அடுப்பில்) பாணை முதலில் சுட்டுவிட்டு வெப்பம் இறங்கிய பிறகு பணிசைத் தள்ளுவதும் இதற்காகத்தான். சீனியும் பாலும் உள்ள மா பாணின் வெப்பத்தில் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும்.

வெளியே எடுத்தவுடன் கொஞ்சம் பட்டர் தடவினால் மேல்தோல் மென்மையாகும். சீனிப்பாகு தடவ வேண்டாம். இனிப்புப் பணிசுகளுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். சுட்ட தட்டிலேயே விட்டால் அடி வியர்க்கும்.

முற்றாக ஆறிய பிறகு ஒன்றை நடுவால் வெட்டிப் பாருங்கள். சம்பலின் மேலே பெரிய பொந்து இருந்தால் சம்பல் ஈரம், அல்லது மூடும்போது காற்று அகப்பட்டது, அல்லது அதிகமாக உப்பவிட்டது. மூன்றில் எது என்பதைப் பொந்தின் கூரை சொல்லும்: பளபளவென்று ஈரமாக இருந்தால் நீராவி செய்த வேலை, காய்ந்து வழவழப்பாக இருந்தால் காற்று, சுவர்களும் பெரிய பெரிய துளைகளாக இருந்தால் உப்பியது கூடிவிட்டது. சம்பலைச் சுற்றிக் களி வளையம் என்றால் குளிர்ச் சம்பல் அல்லது ஈரச் சம்பல். அடி மட்டும் கனமாக இருந்தால் விளிம்பைத் தடிப்பாக விட்டிருக்கிறீர்கள். நாலு மணித்தியாலம் கழித்து இன்னொன்றை வெட்டுவதும் பயனுள்ளது. ஈரம் போகாத சம்பலின் தண்ணீர் அதற்குள் மாவுக்குள் இறங்கிச் சிவப்பு வளையமாகத் தெரியும். நன்றாக வற்றிய சம்பலைச் சுற்றி எண்ணெயின் மெல்லிய செம்மை மட்டும் இருக்கும், பாண் பஞ்சாகவே இருக்கும்.

முட்டை சேர்க்க விரும்புகிறவர்கள் அவித்த முட்டையை நாலாக்கி, ஈரம் போகத் துடைத்து, ஒரு துண்டைச் சம்பலுக்குள் பொதித்து வைக்கலாம், சம்பலை 30 கிராமாகக் குறைத்து. மஞ்சள் கரு உறைப்பை உள்வாங்கிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு உகந்தது. கட்டைத்தூளைக் குறைத்துச் செய்வதை விட இது நல்ல வழி. முட்டை வைத்ததை அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

சம்பல் மட்டும் கண்ணாடிப் போத்தலில், குளிரில், ஈரக் கரண்டி படாமல் ஒரு வாரம் நன்றாக இருக்கும். அதனால் சம்பலைச் சனிக்கிழமை காய்ச்சிவிட்டு ஞாயிறு மாப் பிசைவது வசதி. சுட்ட பணிஸ் அன்று முழுக்க வெளியே, மூடிய பாத்திரத்தில். அடுத்த நாளுக்கு என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், பாண் மிக விரைவாக இறுகிப் போகிற வெப்பநிலை அதுதான். ஆறிய உடனேயே ஒவ்வொன்றாகச் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். எடுத்து ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு, 160 பாகையில் 7 அல்லது 8 நிமிடம். மைக்ரோவேவில் என்றால் 20 வினாடிக்கு மேல் வேண்டாம். பாண் தோலாகிவிடும் என்பது ஒன்று. சீனியும் எண்ணெயும் உள்ள சம்பல் பாணைவிட மிகக் கூடுதலாகச் சூடேறி, வெளியே இளஞ்சூடாக இருக்கும்போதே உள்ளே நாக்கைச் சுடும் என்பது இன்னொன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பிய்த்து ஆறவிட்டுக் கொடுங்கள்.